டூர் டி பிரான்ஸ்: பேப்பர் விற்பதற்காக ஆரம்பித்த சைக்கிள் பந்தயம்... யார் இந்த ஹென்றி டெக்ரான்ஜ்?

ஜூலை மாதம் வந்தாலே ஐரோப்பா முழுக்க ஒரு சைக்கிள் பந்தயத்தைப் பற்றித்தான் பேச்சு. 3 வாரம், 21 கட்டங்கள், 3,000 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். அதுதான் டூர் டி பிரான்ஸ்.

பெயரில்தான் பிரான்ஸ் இருக்கிறது. சக்கரங்கள் பெல்ஜியம், ஸ்பெயின், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று பல நாட்டு எல்லைகளைத் தாண்டி ஓடியிருக்கின்றன. 2022ல் டென்மார்க்கிலும், 2023ல் ஸ்பெயினிலும், 2024ல் இத்தாலியிலும்தான் பந்தயமே தொடங்கியது.

விதிமுறை ரொம்ப சிம்பிள். ஒரு நாள் ஓட்டம் என்பது ஒரு கட்டம். எல்லா கட்டங்களிலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டினால் யாருக்குக் குறைவாக வருகிறதோ, அவர்தான் சாம்பியன். அன்றைய நிலவரப்படி முன்னிலையில் இருப்பவர் மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொள்வார்.

அது ஏன் மஞ்சள்? சைக்கிள் ஏற முடியாத மலைகளில் எல்லாம் ஏன் பந்தயம் நடத்துகிறார்கள்? பிரான்ஸ் பந்தயம் பக்கத்து நாட்டுக்குள் ஏன் போகிறது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடிப் போனால் ஒரே ஆளிடம்தான் போய் நிற்போம். அவர் பெயர் ஹென்றி டெக்ரான்ஜ். இறந்து 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. டூர் டி பிரான்ஸை அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை. ஆனா, ஓட்டியவர்கள் அவர் பெயரைக் கேட்டாலே பல்லைக் கடித்தார்கள்.

வக்கீல் ஆபீஸில் இருந்து சைக்கிள் மைதானத்துக்கு

1865 ஜனவரி 31. பாரிஸில் பிறந்தார் டெக்ரான்ஜ். சட்டம் படித்தார், ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தார். அந்த நேரத்தில்தான் பாரிஸ் இளைஞர்களுக்கு சைக்கிள் பைத்தியம் பிடித்தது. இவருக்கும் பிடித்தது.

கெண்டைக்கால் தெரிகிற மாதிரி உடையில் இவர் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்த கட்சிக்காரர் ஒருவர் முகம் சுளித்தார், அதனால்தான் வேலை போனது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அவர் தேர்ந்தெடுத்தது சைக்கிளைத்தான்.

1893 மே 11 அன்று பாரிஸின் பஃபலோ சைக்கிள் மைதானத்தில் ஒரு மணி நேரத்தில் 35.325 கி.மீ. ஓட்டினார். அதிகாரப்பூர்வமாகப் பதிவான முதல் 'ஒரு மணி நேர சாதனை' அது. இன்றைக்கு அந்தச் சாதனை 56 கி.மீ.யைத் தாண்டிவிட்டது. ஆனா அந்தப் பட்டியலின் முதல் வரியில் இருப்பது டெக்ரான்ஜின் பெயர்தான்.

அடுத்த ஆண்டே பந்தய வீரர்களுக்கான பயிற்சி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1897ல் பாரிஸின் பார்க் டி பிரின்ஸ் சைக்கிள் மைதானத்துக்கு இயக்குநர் ஆனார். ஓட்டத் தெரியும், எழுதத் தெரியும், பந்தயம் நடத்தவும் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்த ஓர் ஆளை அப்போது சில பணக்காரர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பொய் வழக்கு பிரித்த இரண்டு பத்திரிகைகள்

இங்கேதான் கதையில் அரசியல் வருகிறது. 1894ல் ஆல்ஃபிரட் டிரைஃபஸ் என்ற ராணுவ கேப்டன், ஜெர்மனிக்கு உளவு சொன்னதாகக் குற்றம்சாட்டப்பட்டு தண்டிக்கப்பட்டார். அவர் யூதர். வழக்கு ஜோடிக்கப்பட்டது என்று பின்னால் தெரியவந்தது. அவர் நிரபராதி என்று ஒரு கூட்டம், ராணுவத்தைக் குறை சொல்லக் கூடாது என்று இன்னொரு கூட்டம் என பிரான்ஸே இரண்டாகப் பிளந்தது.

அப்போது அந்நாட்டின் பெரிய விளையாட்டுப் பத்திரிகை 'லெ வெலோ'. பச்சைத் தாளில் அச்சாகும். அதன் ஆசிரியர் பியர் ஜிஃபார், டிரைஃபஸுக்கு ஆதரவானவர். அந்தப் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்துவந்த கார், சைக்கிள், டயர் முதலாளிகளில் பலர் எதிர் அணி. அவர்களில் முக்கியமானவர் கார் தயாரிப்பாளரான டி டியோன் பிரபு. அரசுக்கு எதிரான ஒரு கலாட்டாவில் கைதாகி சிறைக்கும் போய்வந்தவர். அதை ஜிஃபார் தன் எழுத்தில் விமர்சித்தார்.

கோபம் கொண்ட முதலாளிகள் போட்டிக்கு ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். டயர் நிறுவனத்தின் மிஷ்லன், சைக்கிள் தயாரிப்பாளர் கிளெமென்ட் எல்லோரும் இதில் கைகோத்தார்கள். ஆசிரியர் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர்தான் டெக்ரான்ஜ். 1900 அக்டோபரில் முதல் இதழ் வந்தது. பெயர் 'லோட்டோ வெலோ'. பச்சைக்குப் போட்டியாக மஞ்சள் தாள். அந்த மஞ்சள்தான் பிற்பாடு ஜெர்சியாக மாறியது.

பெயரைக் காப்பியடித்துவிட்டார்கள் என்று 'லெ வெலோ' கோர்ட்டுக்குப் போனது. 1903 ஜனவரியில் தீர்ப்பு அதற்குச் சாதகமாக வந்தது. பெயரில் இருந்த 'வெலோ' நீக்கப்பட்டு, வெறும் 'லோட்டோ' ஆனது. வெலோ என்றால் பிரெஞ்சில் சைக்கிள். சைக்கிள் செய்தியை நம்பிப் பிழைக்கும் பத்திரிகையின் பெயரில் சைக்கிளே இல்லை என்றால் எப்படி? விற்பனையும் சுமார் 25,000 பிரதிகளில் நின்றுகொண்டிருந்தது. எதையாவது செய்தாக வேண்டிய கட்டாயம்.

யோசனை அவருடையது இல்லை

இதை நிறைய பேர் தவறாகச் சொல்வார்கள். டூர் டி பிரான்ஸ் டெக்ரான்ஜின் யோசனை அல்ல. 1902 நவம்பரில் நடந்த ஆலோசனையில் அதைச் சொன்னவர் ஜியோ லெஃபெவ்ர் என்ற இளம் நிருபர். மைதானத்துக்குள் 6 நாள் தொடர்ந்து ஓட்டும் பந்தயங்கள் அப்போது பிரபலம். அதையே பிரான்ஸ் முழுவதையும் சுற்றிவருகிற மாதிரி சாலையில் நடத்தினால் என்ன என்று கேட்டார் அவர்.

டெக்ரான்ஜுக்கு அது சரிவருமா என்று சந்தேகம். பணம் ஏகத்துக்கு ஆகும். பத்திரிகையின் கணக்குவழக்கைப் பார்த்துவந்த விக்டர் கோடே பச்சைக்கொடி காட்டிய பிறகுதான் வேலை நகர்ந்தது. இந்த கோடே என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வரும்.

1903 ஜனவரி 19 அன்று அறிவிப்பு வெளியானது. முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பதிவு செய்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். உடனே தேதி ஜூலைக்குத் தள்ளிப்போனது. நுழைவுக் கட்டணம் 20 பிராங்க்கில் இருந்து 10 ஆகக் குறைந்தது. வழிச் செலவுக்கு தினப்படியும் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு ஆட்கள் வந்தார்கள்.

சந்தேகம் முழுசாகத் தீரவில்லை போலிருக்கிறது. முதல் பந்தயத்தின் தொடக்கத்துக்கே டெக்ரான்ஜ் போகவில்லை. ரயிலிலும் சைக்கிளிலுமாக மாறி மாறி வீரர்களைத் துரத்திக்கொண்டு போனவர் லெஃபெவ்ர்தான்.

60 பேர் கிளம்பி 21 பேர் வந்தார்கள்

1903 ஜூலை 1. பாரிஸுக்குத் தெற்கே மோன்ட்ஜெரோன் என்ற ஊரில் ஒரு கஃபே வாசலில் இருந்து 60 பேர் கிளம்பினார்கள். மொத்தமே 6 கட்டங்கள்தான். ஆனா தூரம் 2,428 கி.மீ. பாரிஸில் இருந்து லியோன் வரையிலான முதல் கட்டம் மட்டும் 467 கி.மீ.! அதனால் ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டும். சைக்கிளில் கியர் கிடையாது, பல சாலைகளில் தார் கிடையாது. பஞ்சர் ஆனால் அவரவர் டயரை அவரவரேதான் ஒட்ட வேண்டும்.

ஜூலை 19 அன்று பாரிஸ் திரும்பியவர்கள் 21 பேர். ஜெயித்தவர் மொரிஸ் கரேன். ஒரு காலத்தில் வீடுகளின் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்து பிழைத்தவர். இரண்டாவதாக வந்தவரைவிட கிட்டத்தட்ட 3 மணி நேரம் முன்னால் இருந்தார். கடைசியாக வந்தவர் கரேனைவிட 64 மணி நேரம் பின்னால்!

'லோட்டோ' விற்பனை சுமார் 65,000 ஆக எகிறியது. அடுத்த ஆண்டே 'லெ வெலோ' மூடப்பட்டது. அதாவது, முதலாளிகள் எதற்காக ஆரம்பித்தார்களோ அது நடந்துவிட்டது. பந்தயம் மட்டும் நிற்கவில்லை.

இரண்டாவது ஆண்டே மூடுவிழா?

நிற்கவில்லைதான். ஆனா நின்றுபோகிற நிலைமை 1904லேயே வந்தது. அந்த ஆண்டு நடந்தது எல்லாம் அடாவடி. இருட்டில் உள்ளூர் ஆட்கள் கட்டையோடு காத்திருந்து, தங்கள் ஊர்க்காரரை முன்னால் விட்டுவிட்டு மற்றவர்களை அடித்தார்கள். செந்த் எத்தியன் ஊர் அருகே கூட்டத்தைக் கலைக்க துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், சில வீரர்கள் ரயிலிலும் காரிலும் தொற்றிக்கொண்டதாகப் புகார்.

பந்தயம் முடிந்து 4 மாதம் விசாரணை நடந்தது. கரேன் உட்பட முதல் 4 இடம் பிடித்தவர்களும் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஐந்தாவதாக வந்த ஹென்றி கோர்னே, வயது 19, சாம்பியன் ஆனார். இன்றைக்கும் டூர் வரலாற்றில் மிக இளைய சாம்பியன் அவர்தான்.

கிடைத்த வெற்றியே டூரைக் கொன்றுவிட்டது என்ற பொருளில் தலையங்கம் எழுதினார் டெக்ரான்ஜ். ஆனா 1905ல் பந்தயம் திரும்ப வந்தது. இந்த முறை லகான் அவர் கையில். இரவு ஓட்டத்தை முடிந்தவரை தவிர்க்க, கட்டங்களைச் சின்னதாக்கி 11 ஆக உயர்த்தினார். நேரத்துக்குப் பதில் புள்ளிகளை வைத்து வெற்றியாளரைத் தேர்வு செய்தார். இனி எந்த விதி மாறினாலும் அது டெக்ரான்ஜின் பேனாவில் இருந்துதான் வரும் என்ற நிலை அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

எல்லை தாண்டிய சக்கரம்

டெக்ரான்ஜுக்கு 5 வயது இருக்கும்போது பிரான்ஸ்–ஜெர்மனி போர் தொடங்கியது. அதில் தோற்ற பிரான்ஸ், 1871ல் அல்சாஸ், லொரேன் என்ற கிழக்குப் பகுதிகளை ஜெர்மனியிடம் இழந்தது. அந்தத் தலைமுறை பிரெஞ்சுக்காரர்களுக்கு அது ஆறாத காயம். பள்ளிக்கூட வரைபடம் வரைக்கும் அந்த வலி இருந்தது.

1906ல் டூர் முதல்முறையாக பிரான்ஸ் எல்லையைத் தாண்டியது. போன இடம் எது தெரியுமா? ஜெர்மனியின் கையில் இருந்த மெட்ஸ் நகரம். ஜெர்மன் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கித்தான் உள்ளே போனார்கள். அதே ஆண்டு இத்தாலி, ஸ்பெயின் எல்லைகளுக்குள்ளும் பந்தயம் எட்டிப் பார்த்தது. 1907 முதல் 1910 வரை மெட்ஸ் ஒரு கட்டத்தின் முடிவு ஊராகவே ஆனது.

சைக்கிள் வீரர்களைப் பார்க்கக் கூடிய கூட்டம் சும்மா கைதட்டிவிட்டுப் போகவில்லை. தடைசெய்யப்பட்ட பிரெஞ்சு தேசிய கீதத்தையும் பாடியதாகச் சொல்கிறார்கள். ஜெர்மன் அதிகாரிகள் உஷாராகிவிட்டார்கள். 1911ல் பந்தயம் மெட்ஸ் பக்கம் போகவில்லை. நாட்டின் வரைபடத்தைக் கால்களால் வரைந்து காட்டுவது எவ்வளவு பெரிய அரசியல் என்பது டெக்ரான்ஜுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

1909ல் லக்சம்பர்க் நாட்டுக்காரர் பிரான்சுவா ஃபாபர் ஜெயித்தார். 1912ல் பெல்ஜியத்தின் ஓடில் டெஃப்ராய். பிரெஞ்சுப் பந்தயமாக ஆரம்பித்தது, பக்கத்து நாடுகளும் உரிமை கொண்டாடுகிற பந்தயமாக மாறிக்கொண்டிருந்தது.

கரடி நடமாடும் மலையில் சைக்கிள்

1905ல் பலோன் டி அல்சாஸ் என்ற மலை பாதையில் சேர்க்கப்பட்டது. ரெனே போத்தியே மிதித்தே ஏறி முதலாவதாக உச்சியைத் தொட்டார். அடுத்து என்ன? அதைவிடப் பெரிய மலை.

பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் நிற்கும் பிரனீஸ் மலைத்தொடரைச் சேர்க்கலாம் என்று பிடிவாதம் பிடித்தவர் அல்போன்ஸ் ஸ்டெய்னஸ் என்ற சக ஊழியர். டெக்ரான்ஜ் தயங்கினார். அங்கே சாலை என்று பெயருக்குத்தான் உண்டு, கரடி நடமாட்டமும் இருந்தது. நேரில் பார்க்கப்போன ஸ்டெய்னஸ், 2,115 மீட்டர் உயரத்தில் உள்ள டூர்மலே கணவாயில் பனியில் மாட்டிக்கொண்டார். காரை விட்டுவிட்டு இருட்டில் நடந்தே இறங்கி உயிர் தப்பினார். மறுநாள் டெக்ரான்ஜுக்குத் தந்தி அடித்தார். சாலை அருமையாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்பதுதான் அந்தத் தந்தியின் சாரம்!

1910 ஜூலை 21. லுஷோனில் இருந்து பயோன் வரை 326 கி.மீ. வழியில் டூர்மலே உட்பட வரிசையாகக் கணவாய்கள். பல இடங்களில் வீரர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தார்கள். ஒக்டாவ் லபீஸ் என்ற வீரர், வழியில் நின்ற அமைப்பாளர்களைப் பார்த்து கொலைகாரர்கள் என்று கத்திவிட்டுப் போனார். அந்தக் கட்டத்தையும் அந்த ஆண்டுப் பட்டத்தையும் வென்றவர் அதே லபீஸ்தான்.

டெக்ரான்ஜ் பின்வாங்கினாரா? 1911ல் ஆல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாயையும் சேர்த்துவிட்டார். அவர் மனதுக்கு மிகவும் பிடித்த மலை அதுதான். அதைப் புகழ்ந்து அவர் எழுதியது கிட்டத்தட்ட துதிப்பாடல் மாதிரி இருக்கும். ஆனா அந்த மலையில் ஏறித் தவித்தவர்களின் கால் அவருடையது அல்ல.

துருத்தி அமுக்கிய பையனுக்காக ஒரு அபராதம்

டெக்ரான்ஜின் விதிப்புத்தகம் எப்படிப்பட்டது என்று புரிய 1913ல் நடந்த ஒரு சம்பவம் போதும்.

டூர்மலே இறக்கத்தில் யூஜின் கிறிஸ்டோஃபின் சைக்கிளுக்கு முன் ஃபோர்க் உடைந்தது. அவர் பட்டம் வெல்லக்கூடிய நிலையில் இருந்தவர். விதிப்படி சைக்கிளை மாற்றக் கூடாது, யாரிடமும் உதவி வாங்கக் கூடாது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு 10 கி.மீ.க்கும் மேல் மலைப்பாதையில் நடந்தார். கீழே செந்த் மரி டி கம்பான் என்ற கிராமத்தில் கொல்லர் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து ஃபோர்க்கைச் சரிசெய்தார். அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று கண்காணித்தார்கள்.

இரண்டு கையும் வேலையில் இருந்ததால் உலைக்குத் துருத்தி அமுக்க ஒரு சின்னப் பையன் உதவினான். அவ்வளவுதான், விதிமீறல்! ஏற்கெனவே மணிக்கணக்கில் நேரத்தை இழந்தவருக்கு, அதற்காகத் தனியாக அபராத நேரமும் விதித்தார்கள்.

கொடூரம் என்று இன்று தோன்றும். டெக்ரான்ஜின் கணக்கே வேறு. மனிதன், சைக்கிள், சாலை. நடுவில் வேறு எதுவும் வரக் கூடாது. ஒரே ஒருவர் மட்டும் முடிக்கிற அளவுக்குக் கடினமாக இருப்பதுதான் சிறந்த டூர் என்பது அவர் கொள்கை. கியர் மாற்றும் வசதிகூட 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்று நினைத்தவர் அவர். அவர் பொறுப்பில் இருந்த வரைக்கும் போட்டிக்கு வரும் முன்னணி வீரர்களின் சைக்கிளில் இப்போது இருப்பதுபோன்ற கியர் ஏறவே இல்லை.

இந்தக் கண்டிப்பு பேப்பருக்கும் லாபம். கஷ்டப்பட்டு, அழுது, உடைந்து, திரும்ப எழுந்து ஓட்டுகிற ஆளைப் பற்றிய செய்தியை மறுநாள் காலையில் எல்லோரும் காசு கொடுத்து வாங்கினார்கள். அப்போது டி.வி. கிடையாது, ரேடியோ கிடையாது. மலையில் என்ன நடந்தது என்று தெரிய 'லோட்டோ'வைத்தான் வாங்க வேண்டும்.

போர் தின்ற சாம்பியன்கள்

1914 ஜூன் 28 அன்று டூர் கிளம்பியது. அதே நாளில்தான் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக்கொல்லப்பட்டார். பந்தயம் முடிந்த சில நாட்களில் முதல் உலகப் போர். ஜெர்மானியர்களை வெறுக்கவும் கொல்லவும் தூண்டுகிற மாதிரி டெக்ரான்ஜ் ஒரு தலையங்கம் எழுதினார். விளையாட்டு வீரர்களைப் போர்க்களத்துக்கு அனுப்பிய அந்த எழுத்து, அவர் வாழ்க்கையில் மறைக்க முடியாத பக்கம்.

போனவர்களில் 3 பேர் முன்னாள் சாம்பியன்கள். பிரான்சுவா ஃபாபர் 1915ல் போர்முனையில் இறந்தார். விமானியாகப் போன லபீஸ் 1917 ஜூலையில் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டார். 1907, 1908 என இருமுறை வென்ற லூசியன் பெடி பிரெட்டன், ராணுவப் பணியில் இருந்தபோது வாகன விபத்தில் பலியானார். மூவருமே திரும்பி வரவில்லை.

டெக்ரான்ஜும் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. 1917ல், 52 வயதில், சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். வீரப் பதக்கமும் வாங்கினார். எழுதிய வார்த்தைக்குத் தன் உடம்பையும் பணயம் வைத்தார் என்பது உண்மை. போனவர்கள் திரும்பவில்லை என்பதும் உண்மை.

மஞ்சள் ஜெர்சி வந்த கதை

1919 ஜூன் 28 அன்று வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே டூர் கிளம்பியது! சாலைகள் குண்டுக்குழியாகக் கிடந்தன. டயர் கிடைக்கவில்லை, சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. 67 பேர் தொடங்கி, அதிகாரப்பூர்வ பட்டியலில் கடைசிவரை நின்றது 10 பேர் மட்டுமே. டூர் வரலாற்றிலேயே மிக மெதுவான பந்தயம் அதுதான்.

பாதையைப் பார்த்தால் டெக்ரான்ஜின் மனசு தெரியும். பிரான்ஸிடம் திரும்பி வந்துவிட்ட ஸ்ட்ராஸ்பர்க்கும் மெட்ஸும் அதில் இருந்தன. இப்போது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அந்தப் பந்தயத்தின் நடுவில்தான், கூட்டத்தில் முதலிடக்காரர் யார் என்று மக்கள் அடையாளம் காண ஒரு தனி ஜெர்சி அறிமுகமானது. பத்திரிகைத் தாளின் நிறமான மஞ்சளே அதற்கும். ஜூலை 19 அன்று கிரெனோபிளில் அதை முதலில் போட்டவர் யார் தெரியுமா? துருத்தி அமுக்கிய பையனுக்காக அபராதம் வாங்கிய அதே கிறிஸ்டோஃப்! கேனரிப் பறவை மாதிரி இருக்கிறார் என்று மற்றவர்கள் கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள்.

அந்த மஞ்சளோடு பட்டத்தை நெருங்கியவருக்கு மெட்ஸ்–டன்கிர்க் கட்டத்தில் திரும்பவும் ஃபோர்க் உடைந்தது. திரும்பவும் தானே பட்டறையில் சரிசெய்தார், திரும்பவும் பட்டம் போனது. பெல்ஜியத்தின் ஃபிர்மின் லம்போ ஜெயித்தார். மனம் பொறுக்காத வாசகர்கள் நன்கொடை அனுப்ப, கிறிஸ்டோஃபுக்காகச் சேர்ந்த தொகை 13,000 பிராங்க்கைத் தாண்டியது. டூரை ஒருமுறைகூட வெல்லாமலே பிரான்ஸின் செல்லப்பிள்ளை ஆனார் அவர்.

வீரர்கள் எதிர்த்துப் பேசிய நாள்

1924ல் மோதல் வெடித்தது. கிளம்பும்போது போட்டிருந்த உடை எல்லாம் முடிக்கும்போதும் உடம்பில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. விடியற்காலைக் குளிரில் இரண்டு ஜெர்சி போட்டுக் கிளம்புபவர், வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றி எறியக் கூடாது. முந்தைய ஆண்டு சாம்பியன் ஹென்றி பெலிசியேவின் ஜெர்சியை அதிகாரி ஒருவர் எண்ணிப் பார்க்க, தகராறு ஆனது. கூதான்ஸ் என்ற ஊரில் பெலிசியே, அவர் தம்பி ஃபிரான்சிஸ், சக வீரர் மொரிஸ் வீல் மூவரும் பந்தயத்தை விட்டு விலகினார்கள்.

அங்கே அவர்களைச் சந்தித்தவர் அல்பேர் லோன்டர் என்ற புகழ்பெற்ற நிருபர். வலியைத் தாங்க எடுத்துக்கொள்ளும் கோகெய்ன், குளோரோஃபார்ம், மாத்திரைகள் என எல்லாவற்றையும் அவர் முன் கொட்டிக் காட்டினார்கள். கட்டுரை இன்னொரு பத்திரிகையில் வந்தது. பிரான்ஸ் அதிர்ந்தது. கொஞ்சம் மிகைப்படுத்திச் சொன்னதாக ஃபிரான்சிஸ் பிற்காலத்தில் பேசினாலும், ஒரு கேள்வி மட்டும் அப்படியே நின்றது: படிப்பவர்களுக்கு வீரகாவியமாகத் தெரியும் இந்தப் பந்தயம், ஓட்டுபவர்களை என்ன செய்கிறது?

டெக்ரான்ஜ் அசரவில்லை. 1926ல் தூரத்தை 5,745 கி.மீ. ஆக்கினார். டூர் வரலாற்றிலேயே மிக நீளமான பந்தயம் அதுவே.

கம்பெனிகளை வெளியேற்றிய 1930

அவருக்கு வீரர்களைவிடப் பெரிய எதிரி சைக்கிள் கம்பெனிகள். தங்கள் அணி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு முடிவை முன்கூட்டியே தீர்மானிக்கிறார்கள் என்பது அவர் புகார். 1929ல் உடம்பு முடியாமல் இருந்த மொரிஸ் டி வெய்லே, அணியின் கைத்தாங்கலில் பட்டம் வென்றபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

1930ல் ஒரே போடாகப் போட்டார். கம்பெனி அணிகள் அவுட். இனி பிரான்ஸ், இத்தாலி, பெல்ஜியம், ஸ்பெயின், ஜெர்மனி என்று நாடுகளின் அணிகள்தான். சைக்கிளையும் அமைப்பாளர்களே கொடுப்பார்கள். நிறம் மஞ்சள், கம்பெனிப் பெயர் இருக்காது. ஒரு காலத்தில் ஜெர்மன் நிர்வாகத்தின் அனுமதிக்காகக் காத்திருந்த பந்தயத்தில் ஜெர்மன் அணியே வந்து நின்றது.

செலவுக்கு? வீரர்களுக்கு முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் விட்டார். சாக்லேட், சீஸ் என்று எல்லாக் கம்பெனிகளும் காசு கொடுத்து வண்டி விட்டன. இன்றைக்கும் டூர் பாதையில் குழந்தைகள் காத்திருப்பது பாதி அந்த ஊர்வலத்துக்காகத்தான். 1933 பந்தயத்தின்போது 'லோட்டோ' விற்பனை 8.54 லட்சம் பிரதிகளைத் தொட்டது.

கடைசிப் பயணம்

1936ல் டெக்ரான்ஜுக்கு 71 வயது. புராஸ்டேட் அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்த நேரம். டாக்டர்கள் வேண்டாம் என்றார்கள். கேட்கவில்லை. காரில் மெத்தை போட்டு, கூடவே ஒரு டாக்டரையும் வைத்துக்கொண்டு பந்தயத்தின் பின்னால் கிளம்பினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் வலி. இரண்டாவது கட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. உடம்பு முடியவில்லை என்று எத்தனையோ பேர் வெளியேறுவதை 30 ஆண்டுகளாகப் பார்த்தவர், அதே காரணத்துக்காக வெளியேறினார்.

பொறுப்பை ஏற்றவர் ஜாக் கோடே. ஆமாம், அன்று கணக்குப்புத்தகத்தைத் திறந்து பச்சைக்கொடி காட்டிய விக்டர் கோடேவின் மகன். அடுத்த ஆண்டே, 1937ல், கியர் மாற்றும் வசதி அனுமதிக்கப்பட்டது.

1940 ஜூனில் ஜெர்மன் ராணுவம் பாரிஸில் நுழைந்தது. ஆகஸ்ட் 16 அன்று, தெற்கே மத்தியதரைக் கடலோர வீட்டில் டெக்ரான்ஜ் காலமானார். அந்த ஆண்டு டூர் நடக்கவில்லை. அல்சாஸும் மெட்ஸும் மறுபடி ஜெர்மனியின் கைக்குப் போய்க்கொண்டிருந்தன.

இப்போது என்ன மிச்சம்?

போர் முடியும் தறுவாயில் 'லோட்டோ' மூடப்பட்டது. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போதும் தொடர்ந்து வெளிவந்ததுதான் காரணம். 1946ல் ஜாக் கோடே 'லெக்கீப்' என்ற புதுப் பத்திரிகையைத் தொடங்கினார். 1947ல் டூர் திரும்பியது. 1954ல் முதல்முறையாக வெளிநாட்டில், ஆம்ஸ்டர்டாமில், தொடங்கியது. 1987ல் மேற்கு பெர்லினில் தொடங்கியபோது அதை இயக்கியவர்கள் டெக்ரான்ஜைப் பார்த்தே இராத தலைமுறை.

அவர் தடுத்தது எல்லாம் இன்று டூரில் இருக்கிறது. கியர் இருக்கிறது, கம்பெனி அணிகள் இருக்கின்றன, சைக்கிள் பழுதானால் நொடியில் மாற்றுச் சைக்கிளோடு கார் வந்து நிற்கிறது. துருத்தி அமுக்க ஆள் வைத்துக்கொண்டால் இப்போது யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

அவர் கொண்டுவந்ததும் இருக்கிறது. மஞ்சள் ஜெர்சி, பிரனீஸ், ஆல்ப்ஸ், எல்லை தாண்டும் பாதை, விளம்பர ஊர்வலம். மஞ்சள் ஜெர்சியில் அவர் பெயரின் முதல் எழுத்துகள் சின்னதாக இருக்கும், டி.வி.யில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது.

கலிபியே கணவாயில் 1949ல் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். டூர் அந்த மலைக்கு வரும் ஆண்டுகளில், முதலாவதாக ஏறும் வீரருக்கு டெக்ரான்ஜ் பெயரில் ஒரு பரிசு உண்டு. அதை வாங்குபவருக்கு, மேலே ஏறும் வழியில் தண்ணீர் பாட்டில் கொடுக்கவும் ஆள் இருக்கிறது.